பாப்பரசரைத் தேடி இரண்டு நாள்: எருசலேம்–ஆக்கோ நடைச்சுற்றுலா, ஒரு பழைய சிரஸ்தாரின் மதிப்பீடு

மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். கூட வந்த அக்கா ஒன்றே அதிகம் என்றாள். அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நடத்துபவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. எருசலேமில் ஒரு நாள், ஆக்கோவில் ஒரு நாள் என்று இரண்டு நாள் நடை. மேற்கு ஐரோப்பியர் படையெடுத்து வந்து கிழக்கில் அமைத்த சிலுவைப்போர் நாடுகளில் இருந்த இலத்தீன் திருச்சபையும் ரோமின் அதிகாரமும் என்பதுதான் விளம்பரத்தில் போட்டிருந்த பொருள். ஆளுக்கு 640 ஷெக்கேல். பதினான்கு பேர் கொண்ட குழு. காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி, பளபளப்பான அட்டையில் அச்சிட்ட வரைபடம், இரண்டாம் நாள் பஸ், ஆக்கோவில் நுழைவுச்சீட்டு எல்லாம் அதில் அடக்கம். சாப்பாடு அடக்கம் இல்லை.

நான் நீதிமன்றத்தில் 31 ஆண்டு வேலை பார்த்தவன். கடைசிப் பதினோரு ஆண்டு மேல்முறையீட்டுக் கட்டுகளோடு கழிந்தது. சிரஸ்தாராக ஓய்வு பெற்றேன். சிலுவைப்போர் என்றால் மற்றவர்களுக்கு வாளும் குதிரையும் நினைவுக்கு வரும். எனக்கு வருவது கப்பலேறிப் போன மனுக்கள். 1099 முதல் 1291 வரை, கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு, எருசலேமிலும் அந்தியோக்கியாவிலும் தீர் நகரத்திலும் இருந்த இலத்தீன் ஆயர்கள் ஒருவர்மேல் ஒருவர் புகார் எடுத்துக்கொண்டு கடல் கடந்து பாப்பரசரிடம் போய்க்கொண்டே இருந்தார்கள். வசந்தத்தில் ஒரு கப்பல் பருவம், இலையுதிர் காலத்தில் ஒன்று. அதைத் தவறவிட்டால் அரை ஆண்டு வாய்தா. யார் மனுப் போட்டார், உத்தரவு எப்போது வந்தது, வந்த உத்தரவை யார் மதித்தார் என்று பார்ப்பதுதான் என் பைத்தியம். விளம்பரத்தில் ரோமின் அதிகாரம் என்று கண்டதும் பணம் கட்டிவிட்டேன். அக்கா இயேசுவின் திருக்கல்லறையில் முழந்தாளிட வேண்டும் என்பதற்காக வந்தாள்.

முதல் நாள் காலை யாப்பா வாயிலில், தாவீது கோபுரத்தின் அடியில் தொடங்கினோம். வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். கணீரென்ற குரல், நல்ல நகைச்சுவை. ஒலிக்கருவி பத்தாவது நிமிடத்திலேயே கரகரக்க ஆரம்பித்தது. நான் அதைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். குறையைச் சொல்லும் முன் இதைச் சொல்ல வேண்டும்: இந்த முதல் ஒரு மணி நேரம் அருமையாக இருந்தது.

போருக்கு அழைத்த பாப்பரசர் இரண்டாம் உர்பான், எருசலேம் விழுந்த செய்தி வந்து சேருமுன்பே இறந்துவிட்டார் என்பதில் அவர் தொடங்கினார். நகரம் விழுந்தது 1099 ஜூலை 15. உர்பான் இறந்தது ஜூலை 29. படையோடு அவர் அனுப்பியிருந்த தூதர், லே புய் ஆயர் அதெமார், அதற்கு முந்தைய ஆண்டே அந்தியோக்கியாவில் இறந்திருந்தார். ஆக, நகரம் கைக்கு வந்த அன்று ரோமின் பெயரால் பேச அங்கே ஆள் இல்லை. வந்தவர்களே அர்னுல்ஃப் என்ற குருவை முதுபெரும்தந்தை, அதாவது எருசலேம் திருச்சபையின் தலைமை ஆயர், ஆசனத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பீசா நகரப் பேராயர் தைம்பெர்ட், கப்பற்படையோடும் பாப்பரசரின் தூதர் என்ற தகுதியோடும் வந்து இறங்கினார். அர்னுல்ஃபின் நியமனம் செல்லாது என்றாயிற்று. ஆசனம் தைம்பெர்ட்டுக்கு.

கோபுரத்தைக் கையால் தட்டிக்காட்டிக்கொண்டே வழிகாட்டி அடுத்ததைச் சொன்னார். 1100 பிப்ரவரி 2 அன்று, ஆட்சியில் இருந்த காட்ஃப்ரி, யாப்பா நகரத்தில் நாலில் ஒரு பங்கைத் தைம்பெர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் எருசலேம், யாப்பா, இந்தக் கோபுரம் எல்லாமே முதுபெரும்தந்தைக்கு என்று வாக்களித்தார். ஒரே ஒரு நிபந்தனை: வேறு நகரங்கள் பிடிபடும்வரை அனுபவம் தன்னிடமே இருக்கும். பத்திரம் அவர் பேரில், அனுபவம் இவர் கையில். இந்த மாதிரி ஏற்பாடு எங்கே போய் முடியும் என்று எங்கள் அலுவலகப் பியூனுக்குக்கூடத் தெரியும். ஜூலையில் காட்ஃப்ரி இறந்தார். கோபுரத்தைக் காத்தவர்கள் அதை முதுபெரும்தந்தையிடம் ஒப்படைக்காமல், எதேசாவிலிருந்த அவர் தம்பி பால்ட்வினுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தக் கிறிஸ்து பிறப்பு அன்று பெத்லகேமில் பால்ட்வினுக்கு முடிசூட்டியவர் தைம்பெர்ட்டேதான். வேறு வழி இருக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை வழிகாட்டி இரண்டே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். எனக்கு அங்கேதான் நாவில் நீர் ஊறும். அரசருக்குப் படைச்செலவுக்குப் பணம் வேண்டும். முதுபெரும்தந்தை தர மறுக்கிறார். 1101இல் ரோமிலிருந்து வந்த தூதர் ஒருவர் அவரை இடைநீக்கம் செய்கிறார். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தூதர் பதவியையே பறிக்கிறார். எவ்ரெமார் என்ற குரு அந்த இடத்துக்கு வருகிறார். தைம்பெர்ட் ரோமுக்குப் போய்ப் பாப்பரசர் இரண்டாம் பாஸ்கல் முன்னால் முறையிட்டு ஜெயிக்கிறார். ஆசனம் திரும்பவும் அவருக்கே என்று உத்தரவு. அந்த உத்தரவோடு திரும்பும் வழியில், மெசினாவில் இறந்துபோகிறார். இப்போது எவ்ரெமார் தன் பக்க நியாயத்தைச் சொல்லக் கிளம்புகிறார். விசாரித்து முடிவு செய்ய ஆர்ல் நகரப் பேராயர் கிபெலினைப் பாப்பரசர் தூதராக அனுப்புகிறார். உரியவர் உயிரோடு இருக்கும்போதே ஏறி உட்கார்ந்தது தவறு என்று எவ்ரெமாரை இறக்கி, செசரியாவுக்குப் பேராயராக அனுப்பிவிடுகிறார்கள். 1108இல் காலி ஆசனத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? கிபெலின். வீட்டுக்காகச் சண்டையிட்ட இருவரில் ஒருவர் செத்தார், ஒருவர் வெளியேறினார், விசாரிக்க வந்த கமிஷனர் குடியேறிவிட்டார்.

ரோமின் அதிகாரம் என்றால் மேலிருந்து வந்து விழும் இடி போல ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு போகிறோம். இங்கே நடந்தது வேறு. யாராவது போய்க் கதவைத் தட்டினால்தான் அது விழித்தது. நேரில் போனவனுக்கு அநேகமாக ஏதாவது ஒரு தாள் கிடைத்தது. தாளை நிறைவேற்றுவது மட்டும் எருசலேம் அரசர் கையில் இருந்தது. வழிகாட்டி இதை ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்து திருக்கல்லறைக் கோயில். இங்கேதான் சுற்றுலா சறுக்கியது. மொத்தம் 25 நிமிடம் என்று அறிவித்தார். அதில் எட்டு நிமிடம் முகப்பில் சன்னலுக்குக் கீழே நிற்கும் அந்த மர ஏணிக்குப் போயிற்று. ஏணி பிற்காலத்துச் சங்கதி. நாங்கள் பணம் கட்டிய நூற்றாண்டுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முகப்பு சிலுவைப்போர் காலத்தது. 1149 ஜூலை 15 அன்று, நகரம் பிடிபட்டதன் ஐம்பதாம் ஆண்டு நாளில், புதிய கட்டடத்துக்கு அர்ச்சிப்பு நடந்தது. இரட்டை வாயிலில் வலப்பக்கத்தது, முஸ்லிம்கள் நகரத்தைத் திரும்பப் பிடித்த 1187க்குப் பின் கல் வைத்து அடைக்கப்பட்டது. இன்றும் அப்படியே நிற்கிறது. இதெல்லாம் ஒரு மூச்சில் முடிந்தது.

அக்கா கல்லறை வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இன்னும் இருபது பேர்தான் இருந்தார்கள். நேரம் முடிந்தது, கிளம்ப வேண்டும் என்று வழிகாட்டி கையசைத்தார். வயதானவர், இன்னும் பத்து நிமிடம் தாருங்கள் என்று நான் கேட்டேன். அட்டவணையைக் காட்டினார். அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்.

எனக்கு இருந்த ஆதங்கம் வேறு. கோயில் முற்றத்திலிருந்து தெற்கே ஒரு கூப்பிடு தூரத்தில் முரிஸ்தான். ஹாஸ்பிட்டலர் சபையின் மருத்துவமனையும் மடமும் அங்கேதான் இருந்தன. வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்களை நினைவுப்பொருள் கடைத்தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு போனார். பாப்பரசரின் அதிகாரம் பற்றிய சுற்றுலாவில் முரிஸ்தானை விட்டால் பிறகு என்ன மிச்சம்?

1113 பிப்ரவரி 15 அன்று இரண்டாம் பாஸ்கல் அந்த மருத்துவமனைக்கு ஒரு சாசனம் கொடுத்தார்: ரோமின் நேரடிப் பாதுகாப்பு, தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை. 1154இல் நான்காம் அனஸ்தாசியுஸ் கொடுத்த சாசனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சொந்தக் குருக்களை வைத்துக்கொள்ளலாம், அந்தக் குருக்கள் உள்ளூர் ஆயருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. இந்தத் தாள்கள் கையில் இருக்க, அவர்கள் தசமபாகம் கட்ட மறுத்தார்கள். ஆயர் திருச்சபையிலிருந்து விலக்கியவர்களுக்குத் தங்கள் கோயிலில் இடம் கொடுத்தார்கள். ஊர் முழுவதும் வழிபாட்டுத் தடை இருக்கும்போது தங்கள் மணியை அடித்தார்கள். திருக்கல்லறைக் கோயிலின் வாசலுக்கு எதிரே அதைவிட உயரமாகவும் ஆடம்பரமாகவும் கட்டடம் எழுப்பினார்கள். முதுபெரும்தந்தை ஃபுல்ச்சர் மக்களுக்குப் பிரசங்கம் செய்ய எழுந்தால், எல்லா மணிகளையும் ஒன்றாக அடித்து அவர் குரலை மூழ்கடித்தார்கள். ஒரு நாள் ஆயுதங்களோடு கோயிலுக்குள்ளேயே நுழைந்து அம்பு எய்தார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் தீர் நகரப் பேராயர் வில்லியம். அவர் சொல்லும் ஒரு விவரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எய்த அம்புகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி, கல்வாரிக்கு முன்னால் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்களாம். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறார். சான்றுப் பொருள் ஒன்று! எண் போட்டு அலமாரியில் பூட்டி வைக்க வேண்டியதைக் கோயிலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த 25 நிமிடத்தில், கதவுக்கு வலப்பக்கத்துச் செங்குத்தான படியில் ஏறி, கல்வாரி மேடையின் முன் நின்று, கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கும் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர்கள் என் முதுகைத் தள்ளினார்கள்.

1155இல் ஃபுல்ச்சர் புறப்பட்டார். அவருக்கு ஏறக்குறைய நூறு வயது என்கிறார் வில்லியம். இரண்டு பேராயர்களும் ஐந்து ஆயர்களும் கூட. ஒத்ராந்தோவில் கப்பலை விட்டு இறங்கினால் தெற்கு இத்தாலி முழுக்கச் சண்டை. சுற்றுவழியில் கடலோரமாகப் போனார்கள். பாப்பரசர் நான்காம் ஏட்ரியன் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தார், பின்னாலேயே அலைந்தார்கள். எதிர்த்தரப்பு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பல நாள் விசாரணைக்குப் பிறகு ஒன்றும் கிடைக்காமல் கிழவர் திரும்பினார். கர்தினால்கள் அன்பளிப்புக்கு மயங்கினார்கள், இரண்டு மூன்று பேர் மட்டுமே நியாயத்தின் பக்கம் நின்றார்கள் என்பது வில்லியமின் குற்றச்சாட்டு. அவர் பாராட்டும் அந்த ஓரிருவரில் ஒருவர் ஒக்தாவியன். நான்கே ஆண்டில் நான்காம் விக்டர் என்ற பெயரில் எதிர்ப் பாப்பரசராகக் கிளம்பியவர். வில்லியம் ஆயர்களின் ஆள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வழக்குக் கட்டுக்குள் வாதியின் மனு மட்டும்தான் இருக்கிறது. எதிர்வாதியின் பதிலுரை கிடைக்கவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. ரோம் தன் கையால் கொடுத்த சாசனத்தால் தன் முதுபெரும்தந்தையின் காலையே வாரியது.

மதியத்துக்குப் பிறகு புனித அன்னா கோயில். சிலுவைப்போர் காலக் கட்டடம், எதிரொலி அற்புதம், ஒரு குழு பாடியது, நாங்கள் கேட்டோம். அன்றைய நடை அத்தோடு முடிந்தது.

இரண்டாம் நாள் பஸ் நாற்பது நிமிடம் தாமதம். ஆக்கோ போய்ச் சேரும்வரை வழிகாட்டி ஒலிபெருக்கியில் டெம்ப்ளர் என்ற போர்வீரத் துறவியரின் புதையல் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் அந்தியோக்கியா முதுபெரும்தந்தை எமெரியின் கதையும் வந்தது: பணம் தர மறுத்தார் என்பதற்காக அந்தியோக்கியாவை ஆண்ட ஷாத்தியோனின் ரெனோ அவரை அடித்து, தலையில் தேன் தடவி, கோட்டை உச்சியில் வெயிலில் ஈக்களுக்கு நடுவே உட்கார வைத்த கதை. அதை நன்றாகவே சொன்னார். பஸ்ஸே சிரித்தது. எமெரி அன்று எந்தப் பாப்பரசருக்கு மனுப் போட்டிருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான் அக்காவைச் சமாதானப்படுத்த வேறு கதை சொன்னேன். பழைய அர்னுல்ஃப் 1112இல் மறுபடி முதுபெரும்தந்தை ஆனார். அடுத்த ஆண்டு அரசர் பால்ட்வின் சிசிலியின் அடெலெய்டை மணந்தார். பணத்தோடு வந்த பெண். அரசருடைய முந்தைய மனைவி, ஆர்மேனியப் பெண், உயிரோடுதான் இருந்தார். 1115இல் பாப்பரசரின் தூதர் அர்னுல்ஃபைப் பதவி நீக்கினார். அர்னுல்ஃப் நேரே ரோமுக்குப் போனார். 1116இல் பாஸ்கல் அவருக்கு ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்தார்; அரசர் அடெலெய்டைப் பிரிய வேண்டும் என்பது கட்டளை. 1117இல் அடெலெய்டைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

"கொண்டுவந்த பணம்?" என்றாள் அக்கா.

"செலவாகிவிட்டது."

"அந்தப் பெண் யாரிடம் போய் முறையிட்டாள் தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் இருபது மணி நேரத்துக்குப் பிறகு அக்கா வாய் திறந்திருந்தாள். அடெலெய்டுக்கு நன்றி.

வரைபடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். அச்சு நேர்த்தி. ஆனால் தீர் பேராயத்தை முழுவதும் எருசலேமின் நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். அது பெரிய பிழை. பழைய வழக்கப்படி தீர் அந்தியோக்கியாவைச் சேர்ந்தது. அரசர் பிடிக்கும் இடமெல்லாம் எருசலேம் திருச்சபைக்கே என்று 1111இல் பாஸ்கல் எழுதிக் கொடுத்தார். அந்தியோக்கியா கூச்சல் போட்டதும், பழைய எல்லை தெளிவாக இருக்கும் இடத்தில் பழைய உரிமை நிற்கும் என்று அடுத்த ஓரிரு ஆண்டில் பின்வாங்கினார். இரண்டு தரப்பின் கையிலும் ஒரே மன்றத்தின் தாள்! 1124இல் தீர் பிடிபட்டது. கடைசியில் நடைமுறையில் பேராயம் இரண்டாகக் கிழிந்தது. ஆக்கோவும் சீதோனும் பெய்ரூத்தும் எருசலேமோடு. திரிப்போலியும் தொர்த்தோசாவும் ஜுபைலும் அந்தியோக்கியாவோடு. எருசலேமுக்குக் கீழ்ப்படி என்று எங்களுக்கு உத்தரவிடும் ரோம், அந்தியோக்கியா எங்களை வெட்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று வில்லியம் தன் நூலில் வெளிப்படையாகவே குமுறுகிறார். அவரே அந்த ஊருக்குப் பேராயராக இருந்தவர். குமுற அவருக்கு உரிமை உண்டு.

அந்தியோக்கியா சும்மா இருக்குமா? 1135இல் ரோமின் ஒப்புதலுக்குக் காத்திராமல் முதுபெரும்தந்தையான ரால்ஃப், ரோம் அனுப்ப வேண்டிய பால்லியம் என்ற தோள்துகிலைத் தன் பீடத்திலிருந்து தானே எடுத்து அணிந்துகொண்டார். பேதுரு முதலில் அமர்ந்தது அந்தியோக்கியாவில்தானே, ரோம் பிறகுதானே என்பது வாதம். சட்டப்படி யோசித்தால் அவ்வளவு எளிதில் தள்ளுபடி செய்யக்கூடிய வாதம் இல்லை. 1140இல் தூதராக வந்த ஒஸ்தியா ஆயர் அல்பெரிக், அந்தியோக்கியாவிலேயே சங்கம் கூட்டி அவரைப் பதவி நீக்கினார். ஒரே தாள் வரைபடத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்பார்கள். கோடு போட்ட நிறம் ஒன்று போதுமே.

ஆக்கோ வந்ததும் வழிகாட்டி வேறு ஆளாகிவிட்டார். அவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரராம். ஹாஸ்பிட்டலர் மாளிகையின் தூண் மண்டபத்தில் நின்றபோது ஒலிக்கருவி எதற்கும் தேவைப்படவில்லை. தடித்த வட்டத் தூண்கள், மேலே விரிந்து போகும் கல் வளைவுகள், மூலையில் செதுக்கிய லில்லிப் பூ. அங்கிருந்து கடைத்தெரு வழியாக வெனிஸ்காரர் பகுதி, ஜெனோவாக்காரர் பகுதி, பீசாக்காரர் பகுதி என்று ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொன்றும் தனிக் கோயிலோடு தனி ஊர் போல இருந்ததாம். 1216இல் ஆயராக இங்கே வந்து இறங்கிய வித்ரியின் ஜாக், ஒன்பது தலை கொண்ட, ஒன்றோடொன்று சண்டையிடும் மிருகம் போல இருக்கிறது இந்த நகரம் என்று கடிதம் எழுதினார். யாக்கோபியர், சிரியர், நெஸ்தோரியர், ஜார்ஜியர், ஆர்மேனியர் ஒரு பக்கம். தன் சொந்த இலத்தீன் ஆட்களிலேயே அவருக்குக் கட்டுப்படாத இத்தாலிய வணிகர்கள் இன்னொரு பக்கம். ஆயரின் அதிகாரம் எந்தத் தெருமுனையில் முடிந்தது என்பதை அந்தச் சந்துகளில் நடந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பிழை நடந்தது. 1229இல் எருசலேமில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கு முதுபெரும்தந்தை முடிசூட்டினார் என்றார். நான் கையைத் தூக்கினேன். ஃபிரெடரிக்கை ஒன்பதாம் கிரகோரி 1227இலேயே திருச்சபையிலிருந்து விலக்கிவிட்டார். போர் செய்யாமல் சுல்தான் அல்-கமிலோடு ஒப்பந்தம் போட்டு நகரத்தை வாங்கிய ஃபிரெடரிக், மார்ச் 18 அன்று திருக்கல்லறைக் கோயில் பீடத்திலிருந்து கிரீடத்தைத் தானே எடுத்து அணிந்தார். முதுபெரும்தந்தை ஜெரால்ட் அங்கே இல்லை. மறுநாள் அவர் அனுப்பிய செசரியா பேராயர் வந்து நகரத்துக்கே வழிபாட்டுத் தடை விதித்தார். எந்த நகரத்துக்காக அத்தனை பேர் செத்தார்களோ, அது திரும்பக் கிடைத்த மறுநாளே பூசைக்குத் தடை. வழிகாட்டி சற்று முகம் சிவந்தார். பிறகு கைப்பேசியில் பார்த்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும், இவர் சொன்னதே சரி என்றார். அரை நட்சத்திரம் அதற்கு. ஃபிரெடரிக் மே 1 அன்று ஆக்கோவை விட்டுக் கிளம்பியபோது இறைச்சிக் கடைத்தெருவில் குடலையும் கழிவையும் வீசி வழியனுப்பினார்கள் என்று அவர் சேர்த்துக்கொண்டார். அது சரிதான்.

மூன்றாவது நட்சத்திரத்தை அவர் சம்பாதித்த இடம் இது. மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியே நிறுத்தி, நேற்று முரிஸ்தான் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்களே, எருசலேமுக்குப் பக்கத்துப் பெத்தானியா மடத்தின் கதை தெரியுமா என்றார். தெரியாது. நான்காம் அலெக்சாண்டர் 1256இல் பெத்தானியா கன்னியர் மடத்தை ஹாஸ்பிட்டலர்களுக்குக் கொடுத்தார். அப்போதைய எருசலேம் முதுபெரும்தந்தை ஜாக் பாந்தலேயோன் அதை எதிர்த்தார். தன் சபை விவகாரங்களோடு இத்தாலிக்குப் போனார். ஃபுல்ச்சர் போன அதே வழி, அதே எதிர்த்தரப்பு. அவர் வித்தெர்போவில் இருக்கும்போது பாப்பரசர் இறந்துபோனார். கர்தினால்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல், 1261 ஆகஸ்டில், மனுவோடு வந்திருந்த இந்த வெளியாளையே பாப்பரசர் ஆக்கிவிட்டார்கள். நான்காம் உர்பான். பெத்தானியா கொடையை அவரே ரத்து செய்தார். 31 ஆண்டில் நான் பார்க்காத வழக்கு: வாய்தாவுக்கு வந்த மனுதாரரை நீதிபதி இருக்கையில் உட்கார வைத்து, அவர் மனுவை அவரே அனுமதித்தது. சிரித்து முடிக்க எனக்கு நேரமாயிற்று. இதை ஏன் குழுவுக்குச் சொல்வதில்லை என்று கேட்டேன். யாரும் சிரிப்பதில்லை என்றார்.

இன்னொரு பாப்பரசரையும் அவர் துறைமுகத்தில் காட்டினார். ஏறக்குறைய மூன்று ஆண்டு காலியாகக் கிடந்த ஆசனத்துக்கு 1271 செப்டம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தெதால்தோ விஸ்கோந்தி அப்போது இந்த ஆக்கோவில்தான் இருந்தார். பத்தாம் கிரகோரியாக இங்கிருந்து கப்பலேறினார். அந்த அலுவலகத்துக்குக் களநிலவரம் நேரடியாகத் தெரிந்திருந்த அபூர்வமான காலம் அது. அதற்குள் கிழக்கில் மிச்சமிருந்தது கடலோரத்தில் சில கோட்டைகளும் ஊர்களும். 1291 மே 18 அன்று நகரம் விழுந்தபோது கடைசி முதுபெரும்தந்தை ஹனாப்பின் நிக்கோலா இந்தத் துறையில்தான் மூழ்கி இறந்தார். தன் படகில் ஏற வந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டார், பாரம் தாங்கவில்லை. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஐந்து நூற்றாண்டுக்கு மேல் எருசலேமின் இலத்தீன் முதுபெரும்தந்தை என்பது மேற்கில் பெயரளவுப் பட்டமாகவே இருந்தது. 1847இல்தான் மறுபடி எருசலேமில் ஒருவர் வந்து அமர்ந்தார்.

போக நினைப்பவர்களுக்கு. செருப்பு வேண்டாம், நல்ல அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள். எருசலேமின் கற்கள் வழுக்கும். ஒலிக்கருவியை நம்ப வேண்டாம். வரைபடத்தில் பெய்ரூத்துக்கு வடக்கே நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நாள் முடிவில் வழிகாட்டிக்கு ஏதாவது கொடுப்பது எதிர்பார்க்கப்படுகிறது. விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை. 1160 வாக்கில் மூன்றாம் அலெக்சாண்டரின் தூதர் ஜுபைலில் வந்து இறங்கியபோது, வேண்டுமானால் சின்னங்கள் இல்லாமல் சாதாரணத் திருப்பயணியாக வரட்டும் என்று அரசர் யோசனை சொன்னார்; தூதர் என்று ஏற்றால் செலவு கோயில்கள் தலையில் விழும் என்பதும் ஒரு காரணம். ஏற்றுக்கொண்டார்கள். வரவேற்றவர்களுக்கே பிறகு அவர் பாரமாகிவிட்டார் என்று வில்லியம் எழுதுகிறார். எங்கள் வழிகாட்டி பாரமில்லை. ஐம்பது ஷெக்கேல் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாளை மட்டும் தனியாகப் பதிவு செய்ய முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அதுவே போதும். திருக்கல்லறைக்கு விடியுமுன் நீங்களாகவே போங்கள். அக்கா மூன்றாம் நாள் அப்படித்தான் போனாள். கதவு திறந்திருந்தது, வரிசையில் நான்கே பேர். அவள் உள்ளே இருந்த நேரத்தில் நான் முற்றத்தைத் தாண்டி முரிஸ்தான் வரை நடந்து, காலடிகளை எண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன். மணி அடித்தால் பிரசங்கம் கேட்காது என்பது உண்மைதான், அவ்வளவு பக்கம்.